ஊரடங்கும் மின் சிகரெட்டும்: நம் கடைகள், நம் பிள்ளைகள்

(மஹல்லா குடும்பங்களுக்காக நம் அறக்கட்டளை நடத்திய ஒன்றுகூடலில் செயலாளர் ஆற்றிய உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நான் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, ஃபித்ரா கணக்கு என்றுதான் பேசுவேன். இன்றைக்கு வேறு ஒரு விஷயம் பேச வேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் அனுமதி கேட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய், மகனுக்குக் கல்வி உதவி கேட்டு விண்ணப்பத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, கைப்பையிலிருந்து நீளமாக ஒரு பொருளை எடுத்து மேஜையில் வைத்தார். "பாய், என் பையனோட பென் டிரைவ் இது. ராத்திரி பகலா கையிலயே வச்சிருக்கான். உள்ள என்ன இருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். வேண்டாத படம் ஏதாவது இருக்குமோ என்று அவருக்குப் பயம். கையில் எடுத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் செருகுகிற முனை அதில் இல்லை. வாயில் வைக்கிற முனைதான் இருந்தது. முகர்ந்து பார்த்தேன், மாம்பழ வாசனை.

"இது பென் டிரைவ் இல்லம்மா" என்றேன். "பின்ன என்ன பாய்?" என்றார். சொன்னேன். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சிகரெட்டுன்னா நாத்தம் அடிக்குமே, இது அடிக்கலையே" என்றார். நான் இன்று பேசப் போவதில் பாதி அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது.

இந்தப் பொருள் என்னவென்று தெரியாத பெரியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். உள்ளே ஒரு சின்ன பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் ஊறும் ஒரு திரவம். அவ்வளவுதான். இழுத்தால் கம்பி சூடாகும், திரவம் ஆவியாகும், அந்த ஆவி நுரையீரலுக்குப் போகும். திரவத்தில் பெரும்பகுதி புரொபிலீன் கிளைக்கால், கிளிசரின். அதோடு மாம்பழம், புதினா, பபுள்கம் என்று ஒரு வாசனைச் சரக்கு. அதோடு நிகோடின். புகையிலையை எரித்தால் வரும் தார் இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் ஆளை அடிமையாக்குவது தார் இல்லை, நிகோடின்தான். அது இதில் தாராளமாக இருக்கிறது. அமெரிக்காவில் பேர்பெற்ற ஒரு கம்பெனி தன்னுடைய சின்ன குப்பி ஒன்றில் இருக்கும் நிகோடின் ஏறக்குறைய ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமம் என்று தானே சொன்னது. குப்பியின் அளவு ஒரு மில்லிகூட இல்லை. தொண்டை எரியாதபடி நிகோடினை உப்பாக மாற்றிப் போடுகிறார்கள். சிகரெட்டை முதல் தடவை இழுக்கிற பையன் இருமித் தள்ளுவான். பாதிப் பேர் அந்த இருமலிலேயே விட்டுவிடுவார்கள். இதில் அந்த இருமல் கிடையாது.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் தமிழ்நாடு அரசு 2018லேயே இதைத் தடை செய்துவிட்டது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை நாடு முழுவதற்கும் தடை என்று முடிவெடுத்தது. 400க்கும் மேற்பட்ட பிராண்டுகள், 150க்கும் மேற்பட்ட வாசனைகள், ஒன்றுகூட நம் நாட்டில் தயாராவதில்லை என்று நிதியமைச்சர் அன்று சொன்னார். அவசரச் சட்டமாக வந்தது அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமானது. விற்றால் முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். விற்காமல் இருப்பு வைத்திருந்தாலே ஆறு மாதம் வரை சிறையோ, 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. இழுக்கிறவனுக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை சொல்லப்படவில்லை, விற்பவனுக்குத்தான். கையில் பழைய சரக்கு வைத்திருந்த வியாபாரிகள் தாங்களாகவே பட்டியல் போட்டு அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சட்டம் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, கொரோனா வந்துவிட்டது.

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு நம் மாநிலத்தில் 144. மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கு. பள்ளிவாசல் கதவுகூட மூடியிருந்த காலம் அது, நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த வருஷம் ரமளானில் நோன்புக் கஞ்சி காய்ச்ச முடியாமல், அரசு கொடுத்த அரிசியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சிப்காட்டில் உருக்காலை, ரோலிங் மில் எல்லாம் நின்றுபோய், பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகள் ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று அடைந்து கிடந்தார்கள். கொல்கத்தா நெடுஞ்சாலையில் மூட்டையோடு நடந்து போனவர்களை நாம் கண்ணால் பார்த்தோம்.

அப்போது அரிசிப் பை கொண்டுபோன நம் தொண்டர்களுக்கு ஒரு ஆச்சரியம். அரிசியையும் பருப்பையும் வாங்கிக்கொண்டு சிலர் மெதுவாகக் கேட்பார்கள், "பாய், கைனி கிடைக்குமா?" என்று. நம் ஊர்க்காரர்கள் சிகரெட் கேட்டார்கள், ஹான்ஸ் கேட்டார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சோறு கொடுத்தால் புகையிலை கேட்கிறானே என்று. பிறகு என்னையே நினைத்துக்கொண்டேன். உங்களில் பலருக்குத் தெரியாது, நான் இருபது வருஷம் சிகரெட் பிடித்தவன். விட்டுப் பல வருஷம் ஆகிறது. விட்ட முதல் வாரத்தில் என் மனைவியிடம் நான் போட்ட சண்டையை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், திரைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். பசியைப் பொறுத்துக்கொள்கிறவன்கூட அந்த அரிப்பைப் பொறுக்க மாட்டான்.

ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை போட்ட உத்தரவில் மது, குட்கா, புகையிலை விற்பனைக்குக் கண்டிப்பான தடை, பொது இடத்தில் துப்பவும் தடை. பெட்டிக்கடை எல்லாம் ஏற்கெனவே மூடிக் கிடந்தது. மளிகைக் கடை மட்டும் மத்தியானம் ஒரு மணி வரை. அப்படியானால் புகையிலை ஊரில் இல்லாமல் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. பத்து ரூபாய்ச் சாமான் முப்பது, நாற்பது ஆனது. மளிகைக் கடைக்காரர் பருப்புப் பொட்டலத்துக்குக் கீழே வைத்துக் கொடுத்தார். நமக்கு ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. சரக்கு வருவதற்கு வழி சொல்லித்தர வேண்டுமா?

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. தென்னாப்பிரிக்காவில் 2020 மார்ச் 27 முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சிகரெட், மின் சிகரெட் எதையும் விற்கக் கூடாது என்று அரசே தடை போட்டது. அந்தக் காலத்தில் எடுத்த ஆய்வில், புகைப்பவர்களில் பெரும்பாலோர் எப்படியோ வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். விலை மட்டும் பல மடங்கு ஏறியது. லாபம் கள்ளச் சந்தைக்குப் போனது. பூட்டான் கதை இன்னும் வேடிக்கை. 2004 முதல் புகையிலை விற்பனைக்குத் தடை போட்டிருந்த நாடு அது. கொரோனா நேரத்தில் எல்லையை மூடியதும், இந்தியப் பக்கமிருந்து புகையிலை கடத்துகிறவர்கள் நோயையும் கடத்திவிடுவார்களோ என்று பயந்து, 2020 ஆகஸ்டில் அரசே விற்பனையை அனுமதித்தது!

தடை போட்டால் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தடை வேண்டும். ஷட்டர் இறங்கினால் பழக்கமும் இறங்கிவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அங்கேதான் ஏமாந்தோம்.

சிகரெட்டுக்கு ஒரு கூச்சம் உண்டு. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பிடிப்பான். தூரத்தில் பள்ளிவாசல் பெரியவர் வந்தால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவான். வீட்டுக்குப் போகுமுன் ஒரு ஏலக்காயோ பாக்கோ மெல்லுவான். அந்தக் கூச்சமே பாதிப் பிள்ளைகளைக் காப்பாற்றிவந்தது. ஊரடங்கில் டீக்கடை இல்லை, பெஞ்ச் இல்லை, வெளியே போனால் போலீஸ். எல்லோரும் வீட்டில். இரண்டு அறை வீட்டில் ஆறு பேர். அங்கே சிகரெட் பற்றவைக்க முடியுமா? அந்த இடத்துக்குப் பொருத்தமாக வந்து சேர்ந்ததுதான் இந்தப் பென் டிரைவ். தீப்பெட்டி வேண்டாம், சாம்பல் இல்லை, வாசனை இரண்டு நிமிஷத்தில் காற்றோடு போய்விடும். ஆன்லைன் வகுப்பு என்று கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளை உட்கார்ந்திருக்கும். பாடம் நடக்கிறது என்று நாம் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தோம்.

இது யார் மூலம் வந்தது? இதைச் சொல்லத்தான் இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல் இருந்தேன்.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு தம்பி, கடைவீதியில் செல்போன் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயர் சொல்லமாட்டேன், நீங்களும் கண்டுபிடிக்க முயல வேண்டாம். தடை வருவதற்கு முன் சென்னையிலிருந்து கவர், சார்ஜரோடு இதையும் வாங்கி வந்து விற்றிருக்கிறார். தடை வந்தபோது கையில் நாற்பது சொச்சம் மீதி. சட்டப்படி பட்டியல் போட்டு ஒப்படைத்திருக்க வேண்டும். போட்ட முதல் போகிறதே என்று அட்டைப்பெட்டியில் கட்டி வீட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். விற்கும் எண்ணம் அப்போது இல்லை என்கிறார், நான் நம்புகிறேன்.

ஊரடங்கில் கடை மூடியது. கடை வாடகை நிற்கவில்லை. சரக்கு எடுத்த பாக்கிக்கு போன் மேல் போன். மூன்று பிள்ளைகள். ஏப்ரல் மாதம் பழைய வாடிக்கையாளர் ஒருவர், கம்பெனியில் பயிற்சிக்கு வந்து மாட்டிக்கொண்ட பையன், போன் செய்து "அண்ணே, அந்த ஐட்டம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அறுநூறு ரூபாய்க்கு வாங்கியது, இரண்டாயிரத்துக்குப் போனது. ஒரு வாரத்தில் அட்டைப்பெட்டி காலி. அப்புறம் யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். பணம் போனிலேயே வரும், சரக்கு பைக்கில் வரும். ஜூன் 19 முதல் 30 வரை சென்னையோடு சேர்த்து நம் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூரையும் முழு ஊரடங்கில் அடைத்தார்களே, அந்தப் பன்னிரண்டு நாளில்தான் அதிகம் விற்றதாம். அடுத்த வருஷம் மே மாத ஊரடங்கில் இவரே காய்கறி வண்டி ஓட்டினார். கொத்தமல்லிக் கட்டுக்கு அடியில் இது போனது.

வயதைக் கேட்டு விற்றீர்களா என்று நான் கேட்டேன். "போன்ல வர்ற ஆர்டருக்கு யாரு பாய் வயசு கேப்பாங்க?" என்றார்.

கடை என்று ஒன்று இருந்தால் முகம் தெரியும். சீருடையில் வந்தால் கடைக்காரருக்கே மனசு உறுத்தும். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டருக்கு முகமே கிடையாது. அப்படி முகமில்லாமல் வாங்கியவர்களில் ஒருவன் அவருடைய அக்கா மகன், பதினேழு வயது. நேரடியாக வாங்கவில்லை. கூட்டாளி ஒருவன் வாங்கி இவனுக்குக் கைமாற்றியிருக்கிறான். அக்கா தலையணை உறைக்குள் அந்த டப்பாவைக் கண்டெடுத்தபோது, அதன் அடியில் பேனாவால் விலை எழுதியிருந்தது. அந்த 2ஐ அவர் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறார். தம்பியின் கையெழுத்து.

அந்தப் பையன், சகோதரர்களே, நம் அறக்கட்டளையின் அரிசிப் பை சுமந்த தொண்டர்களில் ஒருவன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது என் குற்றம். 2020 ஜூன் மாதமே எனக்கு இது அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. அந்தத் தம்பி அந்த ரமளானில் உணவுப் பை நிதிக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்திருந்தார். கடை மூடிக்கிடக்கிறவர் கையில் இவ்வளவு பணமா என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அரிசிக்குப் பணம் தேவையாக இருந்தது. கொடுப்பவரிடம் கேள்வி கேட்டால் அடுத்த முறை கொடுக்கமாட்டாரே என்ற எண்ணம். ரசீது போட்டுக் கொடுத்து துஆவும் செய்தேன்.

அவர் மறுவருஷம் தானாகவே வந்து எல்லாவற்றையும் சொன்னார். இமாம் அவர்களிடம் இருவரும் போனோம். கூடாத வழியில் வந்த பணத்தை நன்மை தேடித் தர்மம் செய்ய முடியாது, திருப்பிக் கொடுக்க ஆள் தெரியாவிட்டால் நன்மையை எதிர்பாராமல் கைகழுவிவிட வேண்டும் என்று அவர் விளக்கினார். விற்றுச் சம்பாதித்தது எவ்வளவு என்று அந்தத் தம்பி உட்கார்ந்து கணக்குப் போட்டு, தவணை தவணையாகக் கொடுத்து முடித்தார். அந்தப் பணம் எதற்குப் போனது தெரியுமா? நம் தெருக் கழிவுநீர்க் கால்வாய்க்கு மூடி போட்டோமே, அதற்கு. மூடியை மிதிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரசீது ஞாபகம் வரும்.

மார்க்கத்தில் இதன் நிலை என்ன என்று சிலர் கேட்கிறீர்கள். தீர்ப்பு சொல்வது ஆலிம்களின் வேலை, நான் மதரஸாவில் ஓதியவன் என்பதற்காக முஃப்தி ஆகிவிட முடியாது. புகையிலையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் இல்லை. அமெரிக்காக் கண்டத்திலிருந்து நம் பக்கம் வந்தது ஏறக்குறைய நானூறு வருஷத்துக்கு முன்னால். ஜஹாங்கீர் பாதுஷா 1617லேயே தடை போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. அன்று முதல் மக்ரூஹ் என்றவர்களும் உண்டு, ஹராம் என்றவர்களும் உண்டு, ஆகும் என்றவர்களும் உண்டு. கெடுதி இன்ன அளவு என்று மருத்துவம் தெளிவாகச் சொன்ன பிறகு, கூடாது என்பவர்களின் பக்கம்தான் கனம் கூடியிருக்கிறது. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது, வீண்விரயம் கூடாது என்ற இரண்டு கட்டளைகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. விற்பவருக்கு இன்னும் இரண்டு சுமை. நாட்டுச் சட்டத்தை மீறுவது ஒன்று, பிறர் வீட்டுப் பிள்ளைக்குத் தீங்கு செய்வது இன்னொன்று. இளைஞர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், வெறும் ஆவிதானே, நோன்பு முறியுமா என்று. வேண்டுமென்றே உள்ளிழுத்தால் முறியும் என்றுதான் நம் இமாம் அவர்கள் சொல்கிறார்கள்.

"பிரிட்டனில் டாக்டர்களே இதைக் கொடுக்கிறார்களே?" என்று கல்லூரிப் பிள்ளை ஒருவன் என்னை மடக்கினான். நியாயமான கேள்வி. பல வருஷமாகச் சிகரெட் பிடிப்பவர் அதை விட்டுவிட்டு முழுக்க இதற்கு மாறினால் கெடுதி குறைவு என்பது அங்கே உள்ள மருத்துவத் துறையின் நிலைப்பாடு. ஊரடங்கில் அங்கேயும் இந்தக் கடைகளை அத்தியாவசியம் இல்லை என்று மூடித்தான் வைத்தார்கள், கடைக்காரர்கள் வீட்டுக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கண்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை 2025 ஜூன் 1 முதல் அங்கே தடை செய்துவிட்டார்கள். நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன், "நீ எந்தச் சிகரெட்டை விடுவதற்காக இதைப் பிடிக்கிறாய்?" என்று. அவன் சிகரெட்டே பிடித்ததில்லை. அங்கே திரவத்தில் நிகோடின் இவ்வளவுதான் இருக்கலாம் என்று வரம்பு உண்டு, சோதனை உண்டு. இங்கே கள்ளத்தனமாக வரும் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. கொரோனாவுக்கு முந்தைய வருஷம் அமெரிக்காவில் இதை இழுத்து நுரையீரல் கெட்டு 2,800க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சாறு கலந்த கள்ளக் குப்பிகள். அதில் சேர்த்திருந்த ஒரு வகை வைட்டமின் எண்ணெய்தான் நுரையீரலைக் கெடுத்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

இனி, எனக்கு நம்பிக்கை கொடுத்த ஒரு செய்தி. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2020 மே மாதம் 13 முதல் 24 வயது வரை உள்ள நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இணையம் வழியாகக் கேட்டார்கள். மின் சிகரெட் தொட்டவர்களுக்குக் கொரோனா உறுதியானது மற்றவர்களைப் போல ஐந்து மடங்கு. இந்தச் செய்தி அப்போதே பத்திரிகையில் வந்தது. ஒரே கருவியை வாய்க்கு வாய் மாற்றிக்கொள்வதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதே ஆய்வின் இன்னொரு பகுதியை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கொரோனா வந்த பிறகு பழக்கம் மாறியதா என்று இழுப்பவர்களைக் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் மாறியது என்றார்கள். அப்படி மாறியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் விட்டே விட்டார்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்கினர் குறைத்தார்கள். கூட்டியவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. நுரையீரல் பயம், வீட்டில் பெற்றோர் கூடவே இருந்தது, கடை மூடியது, இப்படிப் பல காரணம் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. முதல் ஊரடங்கு 21 நாள். நிகோடினை நிறுத்தினால் முதல் ஒரு வாரம் கடுமை, மூன்று நாலு வாரத்தில் வேகம் தணிந்துவிடும். அதாவது, நம் ஊரில் புகைக்கிற ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் ஒரு வாய்ப்பைக் கையில் கொடுத்திருந்தான். கடை இல்லை, கூட்டாளி இல்லை, வேலைக்குப் போக வேண்டியதில்லை, ரமளானும் சேர்ந்து வந்தது. அந்த நேரத்தில் யாராவது பக்கத்தில் இருந்து, "இன்னும் நாலு நாள் பொறு, தணிந்துவிடும்" என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் விட்டிருப்பார்கள்! நாம் அரிசி கொடுத்தோம், முகக்கவசம் கொடுத்தோம், கபசுரக் குடிநீர் கொடுத்தோம். இதை மட்டும் யோசிக்கவே இல்லை. கைனி கேட்டவனைத் திட்டிவிட்டு வந்தோம். அந்த இடைவெளியில் வேறு ஆட்கள் புகுந்து சரக்குக் கொடுத்தார்கள்.

கடை திறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அன்று போட்ட பாதை மட்டும் மூடவே இல்லை. 2023 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் இதை விற்ற 15 இணையதளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது என்றால் நிலைமையைப் பாருங்கள். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரிலும் செல்போன் கடையிலும் கல்லாவுக்குக் கீழே இன்றைக்கும் இருக்கிறது. அதில் மூன்று கடைக்காரர்கள் நம்மவர்கள், இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பப் போவதில்லை, நீங்களும் திரும்ப வேண்டாம். அவர்களிடம் தனியாகப் பேசுவேன். வருமானம் போய்விடும் என்றால் அதற்கும் பேசலாம். கடனில்லாமல் வேறு சரக்கு எடுக்க வட்டியில்லாக் கடன் நிதியிலிருந்து உதவ நிர்வாகக் குழு சம்மதித்திருக்கிறது. ஒரு நிபந்தனை, கையில் இருப்பதை வேறு ஊருக்குத் தள்ளிவிடக் கூடாது. மீஞ்சூர்ப் பிள்ளையும் பிள்ளைதான். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருளைக் கொடுத்தால் சிறார் நீதிச் சட்டத்தில் ஏழு வருஷம் வரை சிறை என்பதையும் அவர்கள் வீட்டுப் பெண்கள் தெரிந்துகொள்வது நல்லது.

பெற்றோர்களுக்கு. தலையணைக்கடியில் கண்டெடுத்தால் அன்றிரவே அடிக்காதீர்கள். அந்த அக்கா மகனை முதலில் பெல்ட்டால் அடித்தார்கள். அவன் மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை, வந்தபோது சிகரெட்டும் சேர்ந்துகொண்டது. பிறகு நிதானமாகப் பேசி, ஆலோசனைக்கு அழைத்துப் போய், நடுவில் இரண்டு தடவை சறுக்கி, முழுக்க விட எட்டு மாதம் ஆனது. இப்போது சிப்காட்டில் வேலைக்குப் போகிறான், அல்ஹம்துலில்லாஹ். விட்ட புதிதில் எரிச்சல், தூக்கமின்மை, அகோரப் பசி எல்லாம் வரும். அது திமிர் இல்லை, உடம்பு கேட்கிறது. அந்த நாட்களில் சோற்றுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

அத்தாமார்களுக்கும் ஒரு வார்த்தை. மஃரிப் தொழுதுவிட்டு வாசலிலேயே பீடி பற்றவைத்துக்கொண்டு மகனின் பென் டிரைவைப் பற்றி நாம் புலம்பினால் அவன் உள்ளுக்குள் சிரிப்பான். சிரிக்கத்தான் செய்வான், நானாக இருந்தாலும் சிரிப்பேன்.

கட்டணமில்லாத தேசிய எண் ஒன்று இருக்கிறது: 1800 11 2356. புகையிலையை விட நினைப்பவர்களுக்கான ஆலோசனை எண் அது, தமிழிலும் பேசலாம். போனில் பேசக் கூச்சப்படுகிறவர்கள் 011 22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தி வழியாக வழிகாட்டுவார்கள். இரண்டு எண்களையும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். சகோதரிகள் பகுதியிலும் ஒட்டப்படும்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் வியாபாரிகளுக்கு மட்டும் தனிக்கூட்டம். பேச விரும்பும் இளைஞர்கள் செவ்வாய், வியாழன் இஷாவுக்குப் பின் வரலாம், நானும், நான் கதை சொன்ன அந்தக் கடைக்காரத் தம்பியும் இருப்போம். பெயர்ப் பதிவேடு வைக்கமாட்டோம். அந்தத் தாய் கொண்டுவந்த பொருள் என் மேஜை இழுப்பறையில்தான் பூட்டியிருக்கிறது. அவர் மகன் மூன்று வாரமாக வருகிறான். கல்வி உதவி விண்ணப்பமும் சென்ற வாரம் அனுமதியாகிவிட்டது.